கை வைத்த இடம்

கயத்தாற்றுக்கு வெளியே, காற்றாலைகள் சுற்றும் பொட்டலுக்கு நடுவே இருந்த அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மாணவனைத் தனியாகப் பறக்கவிடுவதற்கு முன்னால், நிற்கிற விமானத்தில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் வில்பிரட் பக்கத்தில் நின்றுகொண்டு பேர் சொல்லுவார். சக்கரம் என்றால் சக்கரத்தை மடக்குகிற பிடி, ரேடியோ என்றால் ரேடியோ; தடவாமல், தேடாமல், சொன்ன மாத்திரத்தில் கை அங்கே போய் உட்கார வேண்டும். விமானம் இறங்குகிற நேரத்தில் கண் ஓடுபாதையை விட்டு நகரக் கூடாது. உள்ளே குனிந்து, எது எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் காலி. அதற்காகத்தான் இந்தக் கண்கட்டு.

முந்தியெல்லாம் பாதிப் பேர் இதில் மண்ணைக் கவ்வுவார்கள். ஃபிளாப் என்று கேட்டால் சன்னல் கைப்பிடியைப் பிடித்து ஆட்டுவான் ஒருவன். வில்பிரட் வாயில் வந்தபடி திட்டுவார். இசைவு வந்தபிறகு அந்தத் திட்டே ஓய்ந்துபோயிற்று. ஒருத்தர்கூடத் தவறுவதில்லை. கண்ணைக் கட்டினால் என்ன, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் என்ன, சொன்ன இடத்தில் கை. “என் சர்வீஸ்ல இப்படி ஒரு செட்ட பாத்ததில்ல” என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், மனுஷனுக்கு அவ்வளவு பெருமை.

இசைவு என்பது ஒரு காக்பிட், அதாவது விமானி உட்கார்ந்து ஓட்டுகிற அறை. அதைச் செய்தவள் ஆவுடைச்செல்வி.

பழைய பயிற்சி விமானங்களின் காக்பிட் எல்லாம் ஒரு சராசரி ஆளுக்காகச் செய்யப்பட்டவை. அந்தச் சராசரி ஆளை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவனைவிடக் குட்டையாகப் பிறந்துவிட்டால் போயிற்று. ஆவுடை இருபது வயதில் விமானி ஆகிறேன் என்று போய் நின்றபோது அதுதான் நடந்தது. இருக்கையில் உட்கார்ந்தால் ஓடுபாதை தெரியவில்லை. தலையணை போட்டு உயர்த்தினால் கால் பெடலுக்கு எட்டவில்லை. காலை எட்டவைத்தால் கண் கருவிப் பலகைக்குக் கீழே போய்விட்டது. “வேற நல்ல படிப்பா படிம்மா” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை. அந்த வயிற்றெரிச்சலிலேயே பொறியியல் படித்து, மனித உடம்பையும் இயந்திரத்தையும் பொருத்துகிற வித்தையைக் கற்று, கடைசியில் உட்கார்கிற உடம்புக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும் ஒரு காக்பிட்டைச் செய்தாள். செய்தே காட்டிவிட்டாள்.

அதில் ஏறி உட்கார்ந்தால் இருக்கை தானாக உயரும். பெடல் காலைத் தேடி வரும். பிடிகள்கூட ஓரிடத்தில் முளையடித்தவை அல்ல. கைக்கு நெருக்கமாக நகர்ந்து வரும் குமிழ்கள். எந்தக் குமிழுக்கு எந்த வேலை என்பதைக் கணினி முடிவு செய்யும். வேலைக்கு ஏற்றபடி குமிழின் தலையும் மாறிக்கொள்ளும்: சக்கரத்துக்கு உருண்டை, ஃபிளாப்புக்குத் தட்டை. போகப்போக ஆளின் கைப்பழக்கத்தைத் தானே கற்றுக்கொண்டு இன்னும் வாகாக அமையும்.

பள்ளிக்காரர் தாணுமாலயன் இதை வாங்கிப் போட்டதும், உயரம் பத்தாது என்று எங்கெங்கோ திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கயத்தாற்றுக்கு வந்தார்கள். அப்படி வந்தவள்தான் உவரி ஜெபமலர். ஆவுடையைவிடவும் இரண்டு விரற்கடை குட்டை. முதல்நாள் இருக்கை உயர்ந்து, கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதை முழுசாகத் தெரிந்தபோது, “ஏயப்பா!” என்று கத்திவிட்டாள். வெளியே நின்ற ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெபமலருக்கு அவள் மற்றவர்கள் முன்னால் ‘மேடம்’; தனியாக இருந்தால் ‘அக்கா’. ஜெபமலர் விமானி ஆகிவிட வேண்டும். ஆவுடைக்கு அதைத் தவிர அந்த வருஷம் வேறு வேண்டுதல் கிடையாது.

ஜெபமலரின் லைசென்ஸ் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது.

இன்பராஜ் என்று ஒரு பையன். இசைவில் படித்து முதல் அணியில் வெளியே போனவன். சரக்கு விமானம் ஓட்டுகிற ஒரு கம்பெனியில் துணை விமானியாகப் புதிதாகச் சேர்ந்திருந்தான். அது சாதாரண விமானம். அதில் எல்லாப் பிடியும் ஆணி அடித்தாற்போல் அதனதன் இடத்தில்தான் இருக்கும். விமானம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. தரையைத் தொட்டு ஓடுகையில் ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் தொங்கும் தகட்டை, மேலே ஏற்ற வேண்டும். இன்பராஜ் ஃபிளாப்புக்குப் பதிலாகச் சக்கரப் பிடியை இழுத்துவிட்டான். முழுப் பாரமும் தரையில் இறங்குவதற்குள் சக்கரம் மடங்கிவிட்டது. விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போய் விமான நிலையத்துச் சுற்றுச்சுவரில் மோதியது. பக்கத்தில் இருந்த கேப்டன் தயாளன் அங்கேயே உயிரை விட்டார்.

விமானியின் கவனக்குறைவு என்று டிவியில் சொன்னார்கள். ஆவுடைக்கு மனது கேட்கவில்லை. இன்பராஜ் அவ்வளவு சூதானமான பையன். மறுநாளே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனாள். இடுப்பு ஒடிந்து கிடந்தான். அவளைப் பார்த்ததும் அழுதான்.

“மேடம், நான் தப்பா இழுக்கல மேடம்.”

“நீ சக்கரத்தல்லா இழுத்திருக்க, இன்பராஜ்.”

“அதான் எனக்கும் வெளங்கல. ஃபிளாப் இருக்க எடத்துலதான் கை வச்சேன். சத்தியமா.”

“சரி. ஃபிளாப் எங்கன இருக்கும்? சொல்லு.”

அவன் விழித்தான். “நான் கை வைக்கிற எடத்துல.”

“அப்படி இல்லப்பா. சக்கரப் பிடிக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா?”

“அப்படி யோசிச்சதே இல்ல மேடம். சில நேரம் இந்தப் பக்கம் கை வப்பேன், சில நேரம் அந்தப் பக்கம். எங்கன வச்சாலும் ஃபிளாப்தான் இருக்கும்.”

அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து வந்த ஆவுடை, பஸ்ஸில் வழிநெடுகத் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று மத்தியானமே மாணவர்களை வரச்சொன்னாள். வில்பிரட்டையும் கூப்பிட்டாள். ஒவ்வொருவரையும் இசைவில் உட்காரவைத்து, இருக்கையும் பெடலும் அவரவருக்கு அமைந்ததும், எல்லா அசைவையும் நிறுத்திவிட்டாள். இனி குமிழ்கள் நகராது, தலை மாறாது. “வழக்கம்போலக் கேளுங்க கேப்டன்” என்றாள்.

முதல் பையனிடம் வில்பிரட் சக்கரம் என்றார். அவன் ரேடியோவைப் பிடித்தான். ஃபிளாப் என்றார். சக்கரத்தைப் பிடித்தான். எரிபொருள் என்றார். வெற்றுப் பலகையில் கையை வைத்துக்கொண்டு, சரியாகத் தொட்டுவிட்ட பெருமையில் சிரித்தான். கண் கட்டியிருந்ததால் வில்பிரட்டின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அடுத்தவனும் அப்படித்தான். அதற்கு அடுத்தவளும். குருடன் இட்லிக் கடையில் சட்னி வாளியைத் தேடுகிற கணக்காக ஆளாளுக்குத் துழாவினார்கள். பறந்து, இறங்கி, சபாஷ் வாங்கிய பிள்ளைகள்!

கடைசியில் ஜெபமலர். சக்கரம் என்றார், சக்கரம். ஃபிளாப், ஃபிளாப். மனுஷன் முன்னும் பின்னுமாக மாற்றிப்போட்டு வேகமாகக் கேட்டார். கை ஒன்றில்கூடப் பிசகவில்லை.

“நீ மட்டும் எப்படிட்டி?” என்று கேட்டாள் ஆவுடை.

ஜெபமலர் கண்கட்டை அவிழ்த்தாள். “ஹாஸ்டல் கதவுக்குப் பின்னால காக்பிட் படம் ஒட்டி வச்சிருக்கேன் மேடம். அதுக்கு முன்னால ஸ்டூல போட்டு உக்காந்து தெனம் தொட்டுத் தொட்டுப் பழகுவேன். எல்லாரும் கேலி பண்ணுவாங்க. மிஷினே பாத்துக்கிடும்போது ஒனக்கென்னட்டி கிறுக்கான்னு. நமக்குக் கையும் சின்னது, ஒரு தப்பு வந்தா ஒடனே வீட்டுக்குப் போன்னுருவாங்கல்லா. அதான்.”

படத்தில் இருக்கிற பிடி நகராது. அவள் கை கற்றுக்கொண்டது படத்திடம்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு வில்பிரட் இறக்கையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “என்ன நடக்கு, ஆவுடை? இந்த மிஷினு நம்மள ஏமாத்துதா?”

“ஏமாத்தல கேப்டன். நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கு. கை தடுமாறக் கூடாது, தடுமாற்றம் எவ்வளவு கொறையுதோ அவ்வளவு நல்லது. இதத்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். எட்டாத பிடியக் கிட்ட கொண்டுவரும்னு நெனச்சேன். அது அதுக்கு மேலயும் போயிட்டு. எந்த நேரத்துக்கு எந்தப் பிடி வேணும்னு அதுக்குத் தெரியும், நீங்க பேர் சொல்லுறதும் அதுக்குக் கேக்கும். கை தப்பான குமிழுக்குப் போகுதுன்னு தெரிஞ்சா, அந்தக் குமிழையே சரியான குமிழா மாத்திருது. தொட்டுப் பாத்தா தட்டையா இருக்கும். இழுத்தா ஃபிளாப் ஏறும். நீங்களும் வெளியதான பாத்துக்கிட்டு இருப்பீங்க?”

“வேற எங்க பாக்க? ஓடுபாதையத்தான் பாக்கணும்.” அவர் கையில் இருந்த கண்கட்டுத் துணியைப் பார்த்தார். “அப்ப இத்தன பேர் கண்ணக் கட்டி நான் சோதிச்சேனே, அது?”

“நீங்க இசைவச் சோதிச்சீங்க, கேப்டன். அது பாஸ் பண்ணிருக்கு.”

வில்பிரட் தலையில் அடித்துக்கொண்டார். கேப்டன் தயாளனோடு ஒரு காலத்தில் சேர்ந்து பறந்தவர் அவர். எழுந்து போகையில் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவுடை என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. லைசென்ஸ் கொடுக்கிற விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதியாக வேண்டும். இருக்கையும் பெடலும் நகரட்டும், பிடிகள் மட்டும் ஓரிடத்தில் நிற்கட்டும்; இதுவரை படித்தவர்களை மறுபடி சோதிக்கட்டும். சின்னத் திருத்தம்தான். ஆனால் எழுதினால் இசைவை உடனே நிறுத்திவைப்பார்கள். ஜெபமலரின் தேர்வு நின்றுபோகும். நெட்டை ஆட்களுக்குக் கவலையில்லை, எந்தப் பள்ளிக்காவது போய் எந்த விமானத்திலாவது பழகிக்கொள்வார்கள். இவளுக்குப் போக்கிடம் ஏது?

அவளிடம் சொல்லாமல் எழுத ஆவுடைக்கு மனம் வரவில்லை. கேன்டீன் பக்கம் அழைத்துப்போய், அவள் கைக்காக இசைவு எதையும் மாற்றியதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஜெபமலர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எனக்கு ஒரு தடவகூட அது மாத்தலன்னு நீங்கதான சொல்லுதீங்க. பொறவு என்ன எதுக்கு நிறுத்தணும்?”

“ஒன்ன நிறுத்தலட்டி. இசைவத்தான் நிறுத்துவாங்க.”

“இசைவ நிறுத்துனா நான் எதுல ஏற, அக்கா? ஒரு வாரந்தான. என் டெஸ்ட் முடியட்டும். பொறவு எழுதுங்க.”

“அந்த ஒரு வாரத்துல இன்னொரு இன்பராஜ் எங்கயாவது சக்கரத்த இழுத்தா?”

ஜெபமலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தப்பு பண்ணுனவன் வேற. தப்பு சொல்லிக்குடுத்தது ஒங்க மிஷினு. ஒழுங்கா படிச்சவ நான். ஒங்க நியாயத்துக்கு நான்தான் கெடச்சேனா?”

ஆவுடை அவள் கையைப் பிடித்தாள். “ரெண்டு மாசம். அதுக்குள்ள திருத்திக் குடுத்துருவேன். நீதான் மொதல்ல ஏறுவ. என்ன நம்பு” என்றாள். சொல்லும்போது அவளும் அதை நம்பினாள், அதுதான் கொடுமை. ஜெபமலர் டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

தாணுமாலயன் தாம்தூம் என்று குதிப்பார், வேலையை விட்டுத் துரத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் ஆவுடை அறிக்கையை அவர் மேஜையில் வைத்தாள். அவர் குதிக்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். ஓரிடத்தில் நின்று, திரும்ப ஒருமுறை வாசித்தார்.

“ஆவுடைம்மா, ஒரு தடவகூட இது தவறலையா? கை எங்க போனாலும் சரி பண்ணிருச்சா?”

“ஒரு தடவகூட இல்ல சார். அதான் சார் ஆபத்து.”

“ஆபத்து, ஆபத்து” என்று அவரும் தலையாட்டினார். “ஆணையத்துக்குத் தாராளமா அனுப்புங்க. எனக்கும் ஒரு காப்பி குடுத்துருங்க.”

நல்ல மனுஷர் என்று நினைத்தாள் ஆவுடை. அடடா, அவளைப்போல ஏமாளி உண்டா!

இசைவு நின்றது. மாணவர்கள் கலைந்தார்கள். ஜெபமலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு உவரிக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டு மாதம் நான்காகி, எட்டாகி, ஒரு மழைக்காலமும் போயிற்று. ஆவுடை பிடிகளை நிறுத்திய புது இசைவைச் செய்து வைத்துக்கொண்டு ஆணையத்தின் படியேறி இறங்கினாள். “பரிசீலனையில இருக்கு மேடம்” என்றார்கள். ஜெபமலருக்குப் போன் போட்டால் அவள் எடுப்பதில்லை. எப்போதாவது எடுத்தால் “ம்” என்பாள், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் காலையில் தாணுமாலயன் வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார். “ஆவுடைம்மா, ஜெயிச்சுட்டீங்க! இசைவுக்கு அனுமதி வந்துட்டு. நம்ம பள்ளிக்கு மட்டும் இல்ல, விமானக் கம்பெனிக்காரங்க எல்லாரும் வாங்குதாங்க. புது விமானம் எல்லாத்துலயும் இனிமே இசைவுதான்.”

“பிடி நிக்கிற புது இசைவா சார்?”

“அத யாரு கேட்டா? பழசுதான். கை எங்க போனாலும் சரி பண்ணும்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. இந்த மாதிரி ஒரு சர்டிபிகேட்ட நான் காசு குடுத்துக் கேட்டாலும் எவன் குடுப்பான்? கம்பெனிக்காரங்ககிட்ட அதத்தான் காட்டுனேன். ஒருத்தர் என்ன கேட்டாருங்கீங்க? ‘எந்தக் கை வந்தாலும் சரியாயிரும்னா, நல்ல கையத் தேடி நான் ஏன்யா அலையணும்?’னு கேட்டாரு.”

ஆவுடை குறுக்கிட்டாள். “இன்பராஜுக்கு ஆனது?”

“சாதாரண விமானத்துல ஏறுனதாலதான ஆச்சு? எல்லாமே இசைவா இருந்தா ஆகுமா? ஆணையமும் அதத்தான் சொல்லுது.” அவர் பேச்சில் ஓட்டையே இல்லை.

விழா வைத்தார்கள். விமானக் கொட்டகையில் பந்தல், நாகஸ்வரம், கேசரி எல்லாம் உண்டு. இசைவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். ஆணையத்து அதிகாரி ஒருவர் வந்து, கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸ் ஒன்றைக் கைதட்டலுக்கு நடுவே எடுத்துக்கொண்டு போய்க் காக்பிட்டின் பலகையிலேயே திருகாணி வைத்து முடுக்கினார். விமானம் ஓட்டுகிற உரிமை இனி இசைவுக்கு. அதில் உட்காருகிறவர்களுக்கு விமானி என்ற பேர் கிடையாது, ‘இருக்கையாளர்’ என்று ஓர் அட்டை. கண்கட்டுச் சோதனையை எடுத்துவிட்டார்கள். வில்பிரட் விழாவுக்கு வரவில்லை. அவர் வேலை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

அட்டை வாங்க நின்ற வரிசையில், உவரியிலிருந்து திரும்பி வந்த ஜெபமலர் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு இன்பராஜ். அவன் ஆவுடையின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டான்.

“வரமாட்டேன்னுதான் சொன்னேன் மேடம். ‘ஒன் கை எங்க போனா எங்களுக்கு என்ன, வந்து உக்காரு’ன்னுட்டாங்க கம்பெனில.”

ஜெபமலர் மேடையேறினாள். அட்டையை வாங்காமல் அதிகாரியிடம் கேட்டாள். “சார், ஒரே ஒரு தடவ என் கண்ணக் கட்டிச் சோதிச்சுப் பாருங்க சார். எனக்கு எல்லாம் தெரியும்.”

“அதெல்லாம் தேவையில்லம்மா” என்றார் அவர், அன்பாகத்தான். “இனிமே யாருக்கும் அந்தக் கஷ்டம் கெடையாது.” அட்டையைக் கையில் திணித்துவிட்டு, “அடுத்து” என்றார்.

சாயங்காலம் ஜெபமலர் முதல் தடவையாக இருக்கையாளராகப் பறந்தாள். ஆவுடை பின் இருக்கையில் இருந்தாள். விமானம் அழகாக இறங்கியது. தரையைத் தொட்டு ஓடும்போது ஜெபமலர் கையை எடுத்துச் சக்கரப் பிடி இருக்கிற இடத்தில், தெரிந்தே, வைத்தாள். “ஏட்டி!” என்று ஆவுடை அலறுவதற்குள் அவள் இழுத்துவிட்டாள். உருண்டையாக இருந்த குமிழ் அவள் உள்ளங்கைக்குள் தட்டையாகிக்கொண்டது. ஃபிளாப் ஒழுங்காக மேலே ஏறியது. பலகையில் ‘தடுமாற்றம் இல்லை’ என்று பச்சை எழுத்து வந்தது. அவளுடைய சரியான கைக்கு இத்தனை நாளாக வந்ததும் அதே பச்சைதான்.

கொட்டகைக்கு வந்து நின்றதும் ஜெபமலர் இறங்காமல் அப்படியே இருந்தாள். முன்பு டீயை வைத்துவிட்டுப் போன அன்றைக்கு இருந்த கோபம்கூட இப்போது அவளிடம் இல்லை.

“எங்கம்மா தெரு பூரா சொல்லி வச்சிருக்கா அக்கா, மக பிளேன் ஓட்டப் போறான்னு. இப்பப் போன் போட்டுக் கேப்பா. நான் என்னன்னு சொல்ல? ஓட்டுனேன்னா, உக்காந்திருந்தேன்னா?”

ஜெபமலர் பெல்ட்டைக் கழற்றி இறங்கிப் போனாள். அவள் இறங்கியதும் இருக்கை தானாகத் தாழ்ந்து, பெடல் பின்வாங்கி, அடுத்து வருகிறவருக்கு இடம் செய்துகொண்டது.